சிந்தசைசரின் முகப்பெழுத்துக்கள்

திருவிழாக் காலத்து இரவுகளிலே கோவில் வீதியில் மேடையிட்டுப் பாடும் இசைக்குழுக்களின் வாத்தியங்களை அணுகிப் பார்த்தவர்கள், கீபோட் வாசிப்பவருடைய கருவியின்மேல், ஜப்பானியத் தொழிற்சாலை அச்சிட்டனுப்பிய நேர்த்தியான வெள்ளை எழுத்துக்களுக்கிடையே, மாஸ்கிங் ரேப் துண்டுகள் ஆங்காங்கே ஒட்டப்பட்டிருப்பதையும், அவற்றின்மேல் ‘குழல்’, ‘வயலின் 2’, ‘முதற்பாட்டு’ என்று பேனையால் அவசரமாக எழுதியிருப்பதையும் கண்டிருப்பார்கள். கண்ணுக்கு அது அழகன்று. ஆயினும் ஒரு பாட்டு முடிந்து மறு பாட்டுத் தொடங்குவதற்கு முன்னுள்ள சில விநாடிகளுக்குள், மங்கிய வெளிச்சத்திலே, பல்லவிக்கு வேண்டிய நாதத்தைத் தவறாமல் எடுப்பதற்கு அந்தக் கலைஞர் நம்பியிருப்பது தொழிற்சாலையின் எழுத்தையன்று, தம்முடைய கையெழுத்தையே. சிந்தசைசர் என்னும் மின்னியல் வாத்தியத்தைப் பொறுத்தவரையில், அதன் முகப்பிலே எதை எழுதுவது, எங்கே எழுதுவது, யாருக்காக எழுதுவது என்னும் விஷயம், அதன் உள்ளே ஓடும் சுற்றுக்களை ஆராய்வதற்குச் சற்றும் குறைந்ததன்று என்பது என் அபிப்பிராயம்.

வீணையிலே தந்தியும் நாதஸ்வரத்திலே சீவாளியும் அதிர்ந்து சப்தத்தைப் பிறப்பிக்க, சிந்தசைசரில் அதிர்வது மின்னோட்டமே. அலையியற்றி என்னும் சுற்று, மேற்றொனிகள் நிறைந்த மின்னலை ஒன்றை இடையறாது எழுப்பிக்கொண்டிருக்கிறது. வடிகட்டி என்னும் சுற்று அவ்வலையிலுள்ள உயர்ந்த மீடிறன்களைக் குறைத்து, கூசும் ஒலியைக் குழைவான ஒலியாக்குகிறது. விரியலாக்கி அதன் வலிமையை நிர்ணயிக்கிறது. ஒலியானது எவ்வளவு விரைவாக எழுந்து, எவ்வளவு நேரம் நிலைத்து, எவ்விதமாகத் தேய்ந்து மறையவேண்டும் என்பதை மற்றொரு சுற்று ஆளுகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் முகப்பிலே குமிழ்களும் ஆளிகளும் உண்டு. குமிழைத் திருப்பினால் அதன் அடியிலுள்ள மாறுந்தடை திரும்புகிறது. புல்லாங்குழலின் துளை தான் இருக்கும் இடத்தாலேயே தன் சுரத்தைச் சொல்லிவிடும். ஒரே அச்சில் வார்த்தெடுத்த முப்பது குமிழ்களில் எது எதனை மாற்றுவது என்பதை எழுத்தன்றி வேறெதுவும் சொல்லாது. ஆதலால், மற்றை வாத்தியங்களுக்கு அலங்காரமாக அமையும் எழுத்து இந்த வாத்தியத்துக்கு ஓர் அவயவமாகிவிடுகிறது.

அவ்வெழுத்து எங்கிருந்து வந்தது? 1964இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலே றொபர்ட் மோக் என்னும் பொறியியலாளர், ஹேர்பேட் டொய்ச் என்னும் இசையாசிரியரின் துணையோடு தம் முதல் மாதிரியைச் செய்தார். ஏறக்குறைய அதே காலத்தில் கலிபோர்ணியாவிலே டொன் புக்லா என்பவரும் வேறொரு கருவியைச் செய்துகொண்டிருந்தார். இருவரும் கையாண்ட மின்னியல் ஒன்றே எனினும், முகப்பிலே அவர்கள் எழுதிய எழுத்துக்கள் இரு வேறு மனப்பாங்குகளைக் காட்டுவன. மோக் பியானோவின் கறுப்பு வெள்ளைக் கட்டைகளை ஏற்றுக்கொண்டு, ஓர்கன் வாசித்துப் பழகியவர்களுக்குப் பரிச்சயமான குறியீடுகளையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார். 1970இல் வெளிவந்த மினிமோக் கருவியிலே அலையியற்றியின் ஸ்தாயியை மாற்றும் ஆளியைச் சுற்றி 32, 16, 8, 4, 2 என்னும் எண்கள் அடிக்குறியோடு எழுதப்பட்டிருக்கின்றன. அவை தேவாலயங்களிலுள்ள குழாய் ஓர்கனின் குழாய் நீளங்கள். எட்டடி நீளமான திறந்த குழாய் விநாடிக்கு ஏறக்குறைய 65 அதிர்வுகளை எழுப்பும். நீளம் பாதியானால் ஒலி ஒரு ஸ்தாயி உயரும். இரட்டித்தால் ஒரு ஸ்தாயி தாழும். மினிமோக்கினுள்ளே குழாயுமில்லை, காற்றுமில்லை. எனினும் அந்த அடிக்கணக்கு இன்றுவரை சிந்தசைசர்களின் முகப்பிலே நிலைத்திருக்கிறது. புக்லாவோ கட்டைகளையே வேண்டாமென்று நீக்கி, விரல் தொட்டால் உணரும் தகடுகளை வைத்து, எதிர்பாராத மின்னழுத்தங்களை உண்டாக்கும் தம் சுற்று ஒன்றுக்கு ‘நிச்சயமின்மையின் ஊற்று’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். பெயரைக் கண்டு புன்முறுவல் பூப்பவர்களும் அதைத் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

1971இல் வந்த ஆர்ப் 2600 என்னும் கருவியின் முகப்பு, மின்சமிக்ஞை எங்கே புகுந்து எங்கே வெளிப்படுகிறது என்பதைக் கோடுகளாலேயே வரைந்து காட்டியது. கல்லூரிகளிற் கற்பிப்பதற்கு அதனினும் வாய்ப்பான முகப்பை நான் அறியேன். அதற்கு எதிர்முனையில் நிற்பது 1983இல் யமஹா வெளியிட்ட டிஎக்ஸ் 7. அதிலே குமிழ்கள் ஏறக்குறைய மறைந்துபோய், தட்டையான சவ்வுப் பொத்தான்கள் வந்தன. பொத்தான் ஒன்றுக்கே வெவ்வேறு நிலைகளில் வெவ்வேறு தொழில் உண்டாகையால், ஒன்றின்மேல் ஒன்றாகப் பல நிறங்களில் எழுத்துக்கள் நெருங்கின. அதன் அலைகள் இணையும் 32 முறைகளும் சிறு சித்திரங்களாக முகப்பிலேயே அச்சிடப்பட்டன. இத்தனை எழுதியும் பெரும்பாலான வாத்தியக்காரர்கள் தொழிற்சாலை அமைத்துக் கொடுத்த நாதங்களோடு அமைந்துவிட்டார்கள்.

தயாரிப்பாளர் எழுதியது வாசிப்பவருக்கு விலங்காகவேண்டும் என்பதில்லை. 1969இல் டேவிட் ரியூடர் என்னும் அமெரிக்கக் கலைஞர் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலே மோக் கருவியோடு கூடிய ஒலிக்கூடம் ஒன்றை அமைத்துக் கொடுத்தார். பாரத தேசத்தவர் சிலர் அதிலே பரீட்சார்த்தமான ஒலிப்பதிவுகளைச் செய்தனர். 1982இல் பம்பாய்த் திரையிசைக் கலைஞராகிய சரஞ்சித் சிங் பத்து இராகங்களை ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளால் வாசித்து இசைத்தட்டாக்கினார். அவற்றுள் ஒன்றான டிபி 303இன் முகப்பிலே, பாஸ் கித்தார்க்காரர் இல்லாத இடத்தை நிரப்புவதற்கென்று செய்யப்பட்ட கருவி அது என்பதைப் பறைசாற்றும் எழுத்துக்களே இருந்தன. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் அதன் இயல்பையோ அவர் இராகத்துக்கு உரியதாக்கிக்கொண்டார்.

நம்மவர் அந்நிய முகப்புக்குத் தம் எழுத்தை இட்ட வரலாறு சிந்தசைசருக்கு மிக முந்தியது. சுண்டிக்குளியில் 1886இற் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று தொழில் பார்த்த ஆர். முத்தையா, ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்துக்களுக்கென அமைந்த தட்டச்சுப் பொறியிலே தமிழின் 247 எழுத்துக்களையும் அடக்கும் பிரச்சினையை எதிர்கொண்டார். ஆங்கில விசைகளின் தலையிலே தமிழெழுத்தைப் பொறித்துவிடுவதனால் மட்டும் அது தீராது என்பதை அவர் உணர்ந்தார். புள்ளி முதலிய குறிகளுக்கு, அடித்தபின்னும் கடதாசி இடம் பெயராதபடி, ‘நகரா விசை’களை அமைத்து, அக்குறியும் அதன்பின் அடிக்கும் எழுத்தும் ஒரே இடத்தில் விழச் செய்தார், எந்த எழுத்து எந்த விரலுக்கு எட்டவேண்டும் என்பதையும் வகுத்து, ஜெர்மனியிலே பொறியைச் செய்வித்தார். முகப்பின் எழுத்தை மாற்ற முனைந்தவர் முகப்பின் ஒழுங்கையே மாற்ற நேர்ந்தது. சிந்தசைசரின் முகப்பைத் தமக்கேற்றபடி அமைக்க விரும்புவோர்க்கு, உலகின் எந்த மூலையிலுள்ள முன்மாதிரியையும்விட இதுவே பொருத்தமானதென்று துணிந்து கூறலாம்.

ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஆர்மோனியப் பெட்டி இசைநாடக மேடைக்கு வந்த காலந்தொட்டு நம்மவர் சுருதியைக் கட்டைக் கணக்கிலே சொல்லிவருகின்றனர். வெள்ளைக் கட்டைகளை வரிசையாக ஒன்று முதல் ஏழுவரை எண்ணி, இடையிலுள்ள கறுப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை என்பது வழக்கம். மூன்றாவதற்கும் நாலாவதற்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லாமையால் மூன்றரைக் கட்டை என்று ஒன்றில்லை. சிந்தசைசரோ சுருதி மாற்றத்தை அரைச்சுரக் கணக்கிலே 0, +1, +2 என்று காட்டும். ஒன்றாங் கட்டையில் வாசித்துப் பழகிய கலைஞரை நோக்கிப் பாடகி “ஐந்து கட்டை” என்றால், +7 என்றோ, ஒரு ஸ்தாயி தாழ்த்தி –5 என்றோ மனத்துக்குள் கணக்கிட்ட பின்னரே அவர் பொத்தானை அழுத்தவேண்டும். அந்தப் பொத்தானின் அருகே, 0 இருந்தால் ஒன்று, +2 இருந்தால் இரண்டு, +4 இருந்தால் மூன்று, +5 இருந்தால் நாலு, +6 இருந்தால் நாலரை, +7 இருந்தால் ஐந்து என்று காட்டும் விரலகலப் பட்டி ஒன்றை ஒட்டிவிட்டால், கணக்கு மேடையிலிருந்து நீங்கி ஒத்திகைக்கே போய்விடும். இதிலே மொழிபெயர்ப்பு ஒன்றுமில்லை. கருவியின் எண்ணை வாத்தியக்காரரின் எண்ணோடு இணைத்ததுதான் விசேஷம்.

சொற்களுக்கும் நமக்குப் பஞ்சமில்லை. தமிழிலே பௌதிகம் கற்ற இலங்கை மாணவர் எவருக்கும் மீடிறன், வீச்சம், பரிவு, விரியலாக்கி என்பன பாடப்புத்தகத்துச் சொற்கள்; வடிகட்டியின் விளிம்பிலுள்ள மீடிறனை எடுப்பாக்கி அதைக் கூவச் செய்யும் குமிழுக்குப் ‘பரிவு’ என்று எழுதினால் அவர்கள் அதன் தொழிலை ஊகித்துக்கொள்வார்கள். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியராக இருந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானமும் இசையும் ஒருங்கே கற்றவராதலால் அன்றோ 1947இல் வெளிவந்த தம் யாழ் நூலிலே பழந்தமிழரின் சுரங்களை எண்களால் ஆராய முடிந்தது? ஆயினும் எல்லாக் குமிழ்களையும் தமிழ்ப்படுத்தியே தீருவதென்னும் பிடிவாதம் எனக்கு உவப்பானதன்று. ‘வொலியூம்’ என்று நாவிலே படிந்துவிட்டதை நீக்கி வேறொன்றை எழுதிவைத்தால், அவசரத்திலே கை தயங்கும். சொல் நீளமானால் இடமும் போதாது. இரண்டு குமிழ்களுக்கிடையே பெரும்பாலும் இரண்டு சதமமீற்றருக்கு மேல் இருப்பதில்லை. நான்கைந்து எழுத்துக்குள் அடங்காததை ஒரு நிறப்புள்ளியாகவோ சிறு சித்திரமாகவோ மாற்றுவது மேல்.

இனிச் செய்முறை. தொழிற்சாலைகள் பெரும்பாலும் பட்டுத்திரை அச்சு முறையாலே தகட்டின்மேல் மையைப் படியச் செய்கின்றன. வருடக்கணக்கில் விரல்வியர்வை பட்ட இடத்தில் அது தேய்ந்துபோகும். செதுக்கெழுத்து அவ்வாறு தேய்வதில்லை: பனையோலையிலே எழுத்தாணியாற் கீறி மை பூசித் துடைக்கும்போது கீறலில் மாத்திரம் மை தங்கி எழுத்துத் துலங்குவதைப் போலவே, அலுமினியத் தகட்டிலும் எழுத்தைச் செதுக்கி வர்ணத்தை நிரப்பித் துடைத்துவிடுவார்கள். ஆயின் செதுக்கியதைத் திரும்ப அழிக்க முடியாது. வீட்டிலே செய்வோர்க்கு மேலொட்டுப் படலமே சிறந்தது, பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம்.

முதலில் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுக் குமிழ்களை நேர்மேலே இழுத்து எடுக்கவேண்டும். இறுகியிருந்தால் அடியிலே துணிப்பட்டை ஒன்றைச் செருகி இரு புறமும் சமமாகத் தூக்கவேண்டுமேயன்றித் திருகாணியோட்டியால் நெம்பலாகாது. பின் முகப்பின்மேல் மெல்லிய தாளை விரித்து, பென்சிலைச் சரித்துத் தேய்த்தால் துளைகளின் விளிம்பு யாவும் தாளிலே பதிந்துவிடும். அதைக் கணினியில் ஏற்றி எழுத்துக்களை அமைக்கும்போது, குமிழ் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஏறத்தாழ 300 பாகை சுழலுகிறதாயின், 0 முதல் 10 வரையுள்ள குறிகளுக்கிடையே முப்பது முப்பது பாகை விட்டால் சரியாக வரும். வடிகட்டியின் குமிழுக்கு மீடிறனை எழுதுவோர், பழைய மோக் முறையிலே ஒரு வோல்ற்று ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறுமாகையால், சம இடைவெளிகளிலே 100, 200, 400, 800 என்று இரட்டித்துக்கொண்டே போகவேண்டும்; 100, 200, 300 என்று எழுதினால் அது பொய்யாகும்.

ஒளிபுகும் படலத்தின் பின்புறத்திலே கண்ணாடிப் பிம்பமாக அச்சிட்டு ஒட்டினால், மை படலத்துக்கும் தகட்டுக்கும் இடையே அகப்பட்டு, விரல் படாமல் நெடுங்காலம் நிற்கும். பளபளப்பான படலத்தைத் தவிர்க்கவேண்டும். மேடை விளக்கு அதிலே பட்டுத் தெறித்தால் ஓர் எழுத்தும் தெரியாது. வாகனங்களுக்கு ஸ்ரிக்கர் வெட்டும் கடைகளில் இவ்வேலை முழுவதையும் செய்வித்துக்கொள்ளலாம். துளைகளின் விட்டத்தை மாத்திரம் நாமே அளந்து கொடுப்பது நலம். காற்றுப் புகும் துவாரங்களையும், மின்னழுத்தம் குறித்த எச்சரிக்கை எழுத்தையும் மூடவே கூடாது.

நம் நாட்டு வெப்பத்துக்கு மாஸ்கிங் ரேப் தோதானதன்று. சித்திரை வெயிலிலே வான் ஒன்றினுள் இரண்டு மணி நேரம் கிடந்த கருவியிலிருந்து அதை உரித்தால், தாள் கையோடு வர, பசை தகட்டிலே தங்கிவிடும். தள்ளியக்கும் பிடிகளின் பிளவுக்குள் அது இறங்கினால், பரல் கடித்தாற்போற் கரகரவென்னும் சப்தம் பிறக்கும். பழைய பசையை நீக்குவதற்குத் தலைமயிர் உலர்த்தியால் மெல்லச் சூடேற்றி உரித்து, எஞ்சியதை ஐசோபுரொப்பைல் மதுசாரம் தோய்த்த துணியால், முதலில் ஓர் ஓரத்திலே பரீட்சித்துப் பார்த்துவிட்டுத் துடைக்கலாம். பெயின்ற் கரைக்கும் தின்னரைக் கிட்டவும் கொண்டுபோகலாகாது. அது பசையோடு தொழிற்சாலை எழுத்தையும், பிளாஸ்ரிக்கையும் கரைத்துவிடும்.

கடைசியாக, கருவியின் பின்புறம். வயர்கள் செருகும் துவாரங்களின் பெயர்கள் பெரும்பாலும் பின்னால் நின்று பார்ப்பவருக்கு நேராக அச்சிடப்பட்டிருக்கும்; ஆனால் மேடையிலே பின்னால் நிற்பவர் யாருமில்லை, முன்னால் அமர்ந்திருக்கும் வாத்தியக்காரரே குனிந்து எட்டிப் பார்க்கிறார், அவருக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிகின்றன. ஆகையால் அங்கே ஒட்டும் பட்டியில் ஒவ்வொரு பெயரையும் நேராக ஒருமுறையும் தலைகீழாக ஒருமுறையும் அச்சிட்டுக்கொள்ளவேண்டும்.