பிள்ளையின் பெயர் யார் செக்ரோலில்? நாடு விட்டு நாடு போகும் கணினி வேலைகள்

கிள்ளானில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபது ஆண்டு பால்மரம் வெட்டியவர். பிள்ளைகளின் படிப்புக்காகவே பட்டணத்துக்கு வந்தவர். மூத்த மகள் டிப்ளோமா முடித்து, சைபர்ஜெயாவில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். கழுத்தில் அந்த நிறுவனத்தின் பெயர் போட்ட அட்டை, மேசையில் அதன் கணினி, மின்னஞ்சலிலும் அதன் பெயர். மூன்று ஆண்டுகள் வேலை செய்தாள். ஒவ்வோர் ஆண்டும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. இந்த முறை புதுப்பிக்கவில்லை. அவள் பார்த்த வேலை வேறு நாட்டுக்குப் போகிறதாம். அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு இணையம் வழி ஆறு வாரம் வேலை சொல்லிக் கொடுத்ததே இவள்தான்.

இழப்பீடு கேட்டபோது, "நீங்கள் எங்கள் ஊழியரே அல்ல" என்று அந்த நிறுவனம் சொல்லிவிட்டது. சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தால் அது உண்மைதான். அதில் இருந்தது, ஆள் பிடித்துக் கொடுக்கும் ஓர் உள்ளூர் நிறுவனத்தின் பெயர்.

மகளுக்கு இது விளங்க இரண்டு நாள் ஆனது. அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. "அப்போ குத்தகைக்காரன்கிட்ட வேல பாத்த மாதிரிதானே?" என்று கேட்டார்.

அவர் சொன்னது சரி. தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். பெரட்டில் கிராணி கூப்பிடும் செக்ரோலில் பெயர் இருந்தால் வீடு, மருந்து, சேமநிதி எல்லாம் உண்டு. குத்தகைக்காரரிடம் நின்றால் அன்றைய கூலியோடு சரி. இரண்டு பேரும் வெட்டுவது ஒரே மரத்தைத்தான். பின்னாளில் பல தோட்டங்களில் நேரடி ஆட்கள் குறைந்து குத்தகை ஆட்கள் கூடியதை நம் பெற்றோர் கண்ணால் பார்த்தார்கள். அதே ஏற்பாடுதான் இன்று குளிரூட்டிய அலுவலகத்தில் அவுட்சோர்சிங் என்ற பெயரில் நடக்கிறது.

இதில் இரண்டு சொற்களைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். அவுட்சோர்சிங் என்றால் தன் வேலையை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைப்பது. அது பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் நிறுவனமாகவும் இருக்கலாம். ஆஃப்ஷோரிங் என்றால் வேலையை வேறு நாட்டுக்குக் கொண்டு போவது. அங்கே தன் சொந்த ஊழியர்களையே வைத்துக்கொள்ளலாம். ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியை எடுத்துக்கொள்வோம். லண்டனைத் தலைமையகமாகக் கொண்ட அந்த வங்கி, தன் பின்னணி வேலைகளுக்கும் கணினி வேலைகளுக்கும் சென்னையிலும் நம் புக்கிட் ஜாலிலிலும் சொந்த மையங்களை அமைத்தது. அங்கு நேரடியாகச் சேர்ந்தவர்கள் வங்கிக் குழுமத்தின் ஊழியர்கள். இது ஆஃப்ஷோரிங், ஆனால் அவுட்சோர்சிங் அல்ல. அக்கா மகளுக்கு இரண்டும் சேர்ந்தே வாய்த்தது. வேலை வெளிநாட்டிலிருந்து வந்தது, செக்ரோல் மூன்றாவது ஆளிடம் இருந்தது.

கணினி வேலையை வெளியே கொடுக்கும் பழக்கம் பெரிதாகப் பேசப்பட்டது 1989இல். ஃபிலிம் சுருளுக்குப் பெயர் பெற்ற அமெரிக்காவின் கோடாக் நிறுவனம், தன் கணினி மையங்களை நடத்தும் பொறுப்பை ஐபிஎம்மிடம் கொடுத்தது. கோடாக் போன்ற பெரிய நிறுவனமே கொடுக்கும்போது நாம் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மற்ற நிறுவனங்களும் யோசிக்கத் தொடங்கின. பிறகு கடலடிக் கேபிள்கள் பெருகின, தொலைத்தொடர்புச் செலவு குறைந்தது. பக்கத்துக் கட்டடத்துக்குக் கொடுக்கும் வேலையைப் பெங்களூருக்கும் மணிலாவுக்கும் கோலாலம்பூருக்கும் கொடுக்க முடிந்தது.

மலேசியா இதற்குத் திட்டமிட்டே கதவைத் திறந்தது. 1996இல் பல்லூடகப் பெருவழித் திட்டம், அதாவது எம்எஸ்சி, தொடங்கியது. மறு ஆண்டே சைபர்ஜெயா திறக்கப்பட்டது. வரிச் சலுகையும், வெளிநாட்டு வல்லுநர்களை அழைத்துவரும் சலுகையும் தரப்பட்டன. கியர்னி என்ற ஆலோசனை நிறுவனம், இத்தகைய வேலைகளை அனுப்புவதற்கு ஏற்ற நாடுகளை 2004 முதல் வரிசைப்படுத்தி வருகிறது. அதில் இந்தியா, சீனா, மலேசியா என்ற வரிசை பல ஆண்டுகள் மாறவே இல்லை. நம் பலம் மக்கள் தொகை அல்ல, மொழி. ஒரே தளத்தில் மலாய், ஆங்கிலம், மண்டரின், தமிழ் பேசுகிறவர்கள் கிடைக்கும் நாடுகள் அதிகமில்லை.

வந்த வேலைக்கு ஒரு விலையும் உண்டு. லண்டனில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 4 அல்லது 5. நியூயார்க்கில் காலை 9 என்றால் நமக்கு இரவு 9 அல்லது 10. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத் தீபாவளி விடுமுறை கிடையாது. அதிகாலை நான்கு மணிக்கு வேன் வந்து பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் போவதை அண்டை வீட்டார் ஒரு மாதிரிப் பார்த்த கதையெல்லாம் நமக்குப் பழசு.

எந்த வேலை நிற்கும், எது போகும்? படிப்படியாக எழுதி வைக்கக்கூடிய வேலை முதலில் போகும். கணினி உதவி மையத்தில் வரும் ஒவ்வொரு புகாரையும் டிக்கெட் என்பார்கள். மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றிக் கொடுப்பது முதல் நிலை. ஏன் ஒரு மென்பொருள் அடிக்கடி விழுகிறது என்று தேடுவது அடுத்த நிலை. அந்த மென்பொருளையே திருத்துவது அதற்கும் மேல். வேலையை நகர்த்த முடிவானதும் நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் தொடங்கும். பழைய ஊழியர் தான் செய்வதை ஒவ்வொரு கட்டமாக எழுத வேண்டும், திரையைப் பதிவு செய்ய வேண்டும். முதலில் புதியவர் அருகிலிருந்து பார்ப்பார். பிறகு புதியவர் செய்ய, பழையவர் பார்ப்பார். அதன் பிறகு பழையவருக்கு அங்கே வேலை இல்லை. எல்லாம் முறையாக நடப்பதால் பலருக்கு இது கடைசி வாரம் வரை உறைப்பதில்லை. நீங்கள் செய்யும் வேலை முழுவதையும் ஆறு வாரத்தில் எழுதித் தரச் சொன்னால், அது பதவி உயர்வுக்காக இருக்காது.

வேலை நகராமல் மேலே ஏறியதும் உண்டு. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தபோது, இன்டெல் போன்ற நிறுவனங்கள் சிப்புகளைப் பொருத்தும் கை வேலைக்காகத்தான் வந்தன. குறைந்த கூலிதான் அவற்றை இழுத்தது. இன்று அதே ஊரில் நம் பொறியாளர்கள் சிப் வடிவமைப்பு செய்கிறார்கள். பெட்டாலிங் ஜெயாவில் நடந்தது வேறு. வெஸ்டர்ன் டிஜிட்டல் அங்கிருந்த ஹார்ட் டிஸ்க் ஆலையை மூடப்போவதாக 2018இல் அறிவித்தது. அந்த உற்பத்தி தாய்லாந்துக்குப் போனது. ஹார்ட் டிஸ்க்குக்கு உலகில் தேவை குறைந்ததும் அதற்கு ஒரு காரணம். ஊழியர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றபோது நடந்த துண்டாடலும் இப்படித்தான். முடிவு லண்டனில் எடுக்கப்பட்டது, வேலை போனது நம் லயத்தில்.

இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்திருக்கிறது. சுவீடனின் கிளார்னா நிறுவனம், 700 முழுநேர ஊழியர்கள் செய்யும் வாடிக்கையாளர் சேவையைத் தன் உரையாடல் இயந்திரமே செய்கிறது என்று 2024இல் அறிவித்தது. அடுத்த ஆண்டே, தரம் குறைந்துவிட்டது, மீண்டும் மனிதர்களை எடுக்கிறோம் என்றது. இதை வைத்து ஆறுதலும் கொள்ள முடியாது, அலறவும் வேண்டியதில்லை. அடிபட்டது மறுபடியும் முதல் நிலை வேலைதான் என்பதை மட்டும் கவனியுங்கள்.

சரி, கடிதம் கையில் வந்துவிட்டது. என்ன செய்வது? தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ், மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு ஆள்குறைப்பு இழப்பீடு உண்டு. குறைந்தது ஓராண்டு வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குக் குறைவானால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். 3,000 ரிங்கிட் சம்பளத்தில் நான்கு ஆண்டு வேலை செய்தவருக்கு 60 நாள் சம்பளம், ஏறக்குறைய 5,900 ரிங்கிட் வரும். சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டமும் இருக்கிறது. 2018 முதல் நம் சம்பளத்தில் மாதா மாதம் பிடிக்கும் 0.2 விழுக்காடு அதற்குத்தான். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பித்தால், முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காட்டில் தொடங்கி, படிப்படியாகக் குறைந்து அதிகபட்சம் ஆறு மாதம் வரை உதவித்தொகை கிடைக்கும்.

ஆனால் இங்கேதான் இரண்டு பள்ளங்கள். நாமே விலகியதாகக் கடிதம் கொடுத்தால் அந்த உதவித்தொகை கிடையாது. "பேர் கெட்டுப் போகாமல் இருக்க நீங்களே விலகிவிடுங்கள்" என்று மனிதவளப் பிரிவில் அன்பாகச் சொல்வார்கள். அந்த அன்பு பல ஆயிரம் ரிங்கிட் விலையுள்ளது. அடுத்தது, குறித்த கால ஒப்பந்தம் முடிந்து வேலை போனாலும் அந்தத் தொகை கிடையாது. அக்கா மகள் விழுந்தது இந்தப் பள்ளத்தில்.

அவளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஒப்பந்தத் தாளில் ஓராண்டு என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது என்று 2020இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கும் சைபர்ஜெயாவின் ஒரு தரவு மைய நிறுவனம் சம்பந்தப்பட்டதுதான். இரு தரப்பின் நோக்கம் என்ன, வேலைக் காலத்தில் முதலாளி எப்படி நடந்துகொண்டார், நிறுவனத்தின் தொழிலும் அந்த வேலையும் எப்படிப்பட்டவை என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்றது. வரிசையாகப் புதுப்பித்துக்கொண்டே போன ஒப்பந்தம், உண்மையில் நிரந்தர வேலையாக இருக்கலாம். அப்படியானால் காரணமின்றி நீக்கியதாக 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவில் புகார் கொடுக்கலாம். புகார் பெயர் போட்ட வெளிநாட்டு நிறுவனத்தின் மீது அல்ல, சம்பளச் சீட்டில் இருக்கும் நிறுவனத்தின் மீது. வெல்லும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் புகார் கொடுக்கப் பணம் கட்ட வேண்டியதில்லை. இதற்கும் கெடு 60 நாள்தான்.

இதையெல்லாம் அக்கா வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, நாள்காட்டியை எடுத்து எண்ணிப் பார்த்தோம். 43 நாள் கடந்திருந்தது. மூன்று ஒப்பந்தங்கள், சம்பளச் சீட்டுகள், ஆறு வாரம் சொல்லிக் கொடுக்கச் சொன்ன மின்னஞ்சல் எல்லாவற்றையும் மகள் அச்செடுத்தாள். அக்கா அவற்றைப் பழைய பிளாஸ்டிக் கோப்பு ஒன்றில் போட்டார். தோட்டத்தில் வேலை முடிந்தபோது அவருக்குக் கொடுத்த தாள்களும் அதற்குள்தான் இருந்தன. திங்கட்கிழமை காலை இருவரும் தொழிலியல் உறவு இலாகாவுக்குப் போகிறார்கள்.