கூரைக்குள் அடிக்கும் நுரை: ஈரமான நாட்டில் எந்த வீட்டுக்குப் பொருந்தும்?

பிரித்தானியாவில் குளிர் தொடங்கும் முன்பே சில வீடுகளுக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். கூரையை இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்பார்கள். ஸ்ப்ரே ஃபோம் அடித்தால் ஹீட்டிங் செலவு குறையும், ஓடு நழுவாது, ஒரே நாளில் வேலை முடியும் என்பார்கள். தனியாக வாழும் முதியவர்கள்தான் பெரும்பாலும் இதில் அகப்படுகிறார்கள். சிக்கல் உடனே தெரியாது. சில ஆண்டுகள் கழித்து வீட்டை விற்க முற்படும்போது, வாங்க வந்தவருக்கு மோர்ட்கேஜ் தர முடியாது என்று வங்கி கைவிரிக்கும். அப்போதுதான் கூரைக்குள் என்ன நடந்திருக்கிறது என்று எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள்.

லண்டனில் ஹாரோ, ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட், டூட்டிங் என்று நம்மவர்கள் செறிந்து வாழும் பகுதிகளில் தெருத் தெருவாக நிற்பவை இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய ஓட்டுக்கூரை வீடுகள். ஆகவே இது நமக்கு வெளியே நடக்கும் கதை அன்று.

ஸ்ப்ரே ஃபோம் என்பது பாலியூரித்தேன் நுரை. இந்த வேதியியலை 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பாயரும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டுபிடித்தார்கள். ஒரு பீப்பாயில் ஐசோசயனேட், இன்னொன்றில் பாலியால் கலவை. இரண்டும் சூடாக்கிய குழாய்கள் வழியே வந்து துப்பாக்கி முனையில் கலக்கின்றன. சில நொடிகளில் பொங்கி, ஒட்டிய இடத்திலேயே இறுகிவிடுகின்றன. இதில் இரண்டு வகை உண்டு. திறந்த அறை நுரை நூறு மடங்கு வரை பொங்கும். கையால் அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கும். நீராவியைத் தன் ஊடே போகவிடும். மூடிய அறை நுரை குறைவாகப் பொங்கிக் கட்டையாக இறுகும். நீராவியைப் பெரிதும் தடுக்கும். அதே தடிமனில் வெப்பத்தை இன்னும் நன்றாகக் காக்கும்.

விற்பனையாளர்கள் பேச்சை இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் ஈரமான, குளிர்ந்த நாட்டில் வெப்பத்தைவிட முதலில் கவனிக்க வேண்டியது நீராவியைத்தான். நால்வர் வாழும் வீட்டில் மூச்சு, குளியல், சமையல், ரேடியேட்டரில் காயும் துணி எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்குப் பத்து லிட்டருக்கும் மேல் நீரைக் காற்றில் கலக்கும் என்பது பொதுவான கணக்கு. சோறு வடித்து, குழம்பு கொதிக்கவைத்து, இடியப்பமும் புட்டும் அவிக்கும் நம் சமையலறைகளில் அது குறைய வாய்ப்பில்லை.

20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். உறைநிலையில் 5 கிராமைக்கூடத் தாங்காது. வீட்டுக்குள் 20 டிகிரியும் 60 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்று 12 டிகிரியைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே நீர் துளிர்க்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த சோடா பாட்டில் வியர்ப்பதும் இதனால்தான். ஜனவரி இரவில் ஓட்டின் அடிப்பக்கம் 12 டிகிரியை எட்டாது.

இவ்வளவு ஈரத்தையும் மீறி நூறு ஆண்டுகளாக இந்த வீடுகளின் கூரைமரம் உளுத்துப்போகாமல் நின்றது காற்றால்தான். ஓட்டுக்கும் மேல்மாடி உட்கூரைக்கும் நடுவே உள்ள பரண், இங்கே எல்லோரும் லாஃப்ட் என்று சொல்வது, வேண்டுமென்றே குளிராகவும் காற்றோட்டமாகவும் விடப்பட்ட இடம். இறவாரத்து இடுக்குகளிலும் ஓட்டுச் சந்துகளிலும் காற்று புகுந்து வெளியேறும். வீட்டிலிருந்து மேலே கசிந்த நீராவியையும், புயல் மழையில் உள்ளே தெறித்த துளிகளையும் அது உலர்த்திவிடும். பரணில் ஏறினால் ஜில்லென்று காற்றடிக்கிறதே என்று நாம் குறைப்படுவதுதான் கைமரங்களைக் காத்துவந்திருக்கிறது.

அந்தக் கைமரங்களுக்கு நடுவே நுரையை அடித்தால் உலர வழியில்லாமல் போகிறது. திறந்த அறை நுரையை "மூச்சுவிடும் நுரை" என்று புகழ்ந்து விற்கிறார்கள். எனக்கு அதில்தான் பெரிய அச்சம். குளிர்காலத்தில் நீராவி வீட்டுக்குள்ளிருந்து வெளிப்பக்கம் நோக்கி நகர்கிறது. நுரை அதைப் போகவிடுகிறது. மறுபக்கம் குளிர்ந்த ஃபெல்ட்டோ (ஓட்டின் அடியில் விரித்த தாள்) ஓடோ காத்திருக்கிறது. அங்கே அது நீராகி, நுரையிலும் மரத்திலும் ஊறுகிறது. சூடான பக்கத்தில் நீராவித் தடுப்புத் தாள் ஒழுங்காகப் பொருத்தியிருந்தால் இதைக் குறைக்கலாம். ஆனால் ஒரே நாளில் முடிக்கும் வேலையில் அதைப் பொறுமையாகச் செய்பவர் அரிது.

மூடிய அறை நுரைக்கு இந்தக் குறை குறைவு. அதன் சிக்கல் வேறு திசையிலிருந்து வருகிறது. ஓட்டின் அடியிலேயே நேராக அடித்துவிட்டால், உடைந்த ஓட்டின் வழியே இறங்கும் மழைநீர் நுரைக்கும் ஓட்டுக்கும் நடுவே சிக்கி, ரீப்பரையும் கைமரத்தின் மேற்பக்கத்தையும் மெல்ல நனைக்கும். முன்பென்றால் உட்கூரையில் ஒரு கறை தோன்றி ஒழுக்கைக் காட்டிக்கொடுத்திருக்கும். இப்போது ஆண்டுக்கணக்கில் ஒன்றும் தெரியாது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி அப்படியே நின்றால் உளுக்கவைக்கும் பூஞ்சைகளுக்கு வாழ வசதி வந்துவிடுகிறது. நழுவும் ஓட்டைப் பிடித்து நிறுத்தவே நுரை அடிப்பவர்களும் உண்டு. ஆணி துருப்பிடித்த கூரைக்குச் செய்ய வேண்டியது ஓட்டை இறக்கி மீண்டும் வேய்வதுதான். நுரையில் ஒட்டிய ஓட்டையோ ஸ்லேட்டையோ பின்னர் பெயர்த்துத் திரும்பப் பயன்படுத்தவும் முடியாது. பழைய கட்டடங்களைப் பேணும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பும் இப்படி அடிப்பதைப் பரிந்துரைப்பதில்லை.

யூடியூபில் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, அங்கே எல்லோரும் அடிக்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. ஹூஸ்டனிலும் லூசியானாவிலும் ஏசி இயந்திரமும் அதன் காற்றுக் குழாய்களும் பெரும்பாலும் பரணிலேயே இருக்கும். வெளியே கொதிக்கும் ஈரக்காற்று, உள்ளே குளிர்ந்த அறை. நீராவி ஆண்டின் பெரும்பகுதி வெளியிலிருந்து உள்ளே வர முயல்கிறது. அங்கே கூரைச் சரிவில் நுரை அடிப்பதில் நியாயம் இருக்கிறது. அங்கும் திறந்த அறை நுரை அடித்து மூடிய பரண்களில் கூரை உச்சியில் ஈரம் சேர்வதைக் கண்டார்கள். அதனால் 2018 அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிகளில், வெப்பப் பகுதிகளுக்கென்று, உச்சியில் நீராவி வெளியேறும் திறப்புக்கு இடம் கொடுத்தார்கள். பரண் காற்றையும் உலர்த்தச் சொன்னார்கள். சென்னையில் கான்கிரீட் மொட்டைமாடியின் மேல் நுரை அடிப்பது இதிலும் வேறு. அங்கே உளுத்துப்போகக் கைமரமே கிடையாது. ஒரு நாட்டின் கூரைக்குச் சரியாக இருப்பதை இன்னொரு நாட்டின் கூரையில் அப்படியே அடிக்க முடியாது.

செலவு மிச்சமாகும் என்ற வாதத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பரண் தரையில் 270 மி.மீ. கனத்துக்குக் கண்ணாடிப் பஞ்சோ பாறைப் பஞ்சோ விரிப்பது பிரித்தானியாவில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. பழைய வீட்டுக் கைமரங்களின் ஆழம் பெரும்பாலும் 100 மி.மீ.தான் வரும். அந்த ஆழத்துக்குத் திறந்த அறை நுரையை நிரப்பினால் கிடைக்கும் வெப்பத்தடை, 270 மி.மீ. பஞ்சு தருவதில் பாதியைக்கூட எட்டாது. 40 டிகிரி சாயும் கூரையின் பரப்போ, அதன் கீழுள்ள பரண் தரையைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு அதிகம். யாரும் வசிக்காத பரணையும் சேர்த்துச் சூடாக்குகிறோம், கூடுதல் பரப்பின் வழியே வெப்பத்தை இழக்கிறோம், பஞ்சைவிடப் பல மடங்கு பணமும் கொடுக்கிறோம். பரணில் பொருள் வைத்திருப்பவர்களுக்கும் தண்ணீர்த் தொட்டி உறையுமோ என்று அஞ்சுபவர்களுக்கும் மட்டும் இதில் ஓரளவு நன்மை உண்டு. அதற்கும் எளிய வழிகள் இருக்கின்றன.

கடன் தர மறுப்பதற்கு வங்கிகள் சொல்லும் காரணம் நேரானது. சர்வேயர் பரணில் ஏறினால் கைமரம் தெரிய வேண்டும். நுரைக்குள் புதைந்த மரம் நன்றாக இருக்கிறதா, உளுத்துவிட்டதா என்று அவரால் சொல்ல முடியாது. சொல்ல முடியாததற்கு வங்கி கடன் தராது. வயதான காலத்தில் வீட்டின் மதிப்பிலிருந்து பணம் எடுக்கும் ஈக்விட்டி ரிலீஸ் நிறுவனங்கள் இதில் மிகக் கண்டிப்பானவை. அரசின் கிரீன் ஹோம்ஸ் கிராண்ட் திட்டத்தில், 2020 செப்டம்பரிலிருந்து 2021 மார்ச் வரை, அரசுப் பண உதவியோடு நுரை அடித்துக்கொண்டவர்களும் இன்று இதே வரிசையில் நிற்கிறார்கள். அரசே பணம் கொடுத்ததை நம்பிச் செய்தவர்களை இப்படித் தனியாக விட்டது பெரிய அநீதி.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? முதலில் வீட்டிலிருந்து பரணுக்கு ஏறும் ஈரக்காற்றைத் தடுங்கள். பரண் கதவின் விளிம்பு, விளக்குத் துளைகள், குழாய் போகும் ஓட்டைகள் இவைதான் முக்கிய வழிகள். குளியலறை, சமையலறை விசிறிகளின் குழாய் வெளிச்சுவருக்கோ கூரைக்கு வெளியிலோ போகிறதா என்று பாருங்கள். பரணுக்குள்ளேயே விட்டிருக்கும் வீடுகள் ஏராளம்; கூரையில் ஓதம் கண்டால் நான் முதலில் சந்தேகிப்பது அதைத்தான். பிறகு பஞ்சை விரியுங்கள். இறவாரத்தின் ஓரத்தில் மட்டும் அதைத் திணித்து அடைத்துவிடாதீர்கள். வழக்கமான சரிவுள்ள கூரைக்கு அங்கே நீளவாக்கில் குறைந்தது 10 மி.மீ. திறப்பாவது வேண்டும். பரண் குளிர்ந்துவிடும் என்பதால் தண்ணீர்த் தொட்டிக்கும் குழாய்களுக்கும் உறை போடுங்கள். தொட்டிக்கு நேர் கீழே மட்டும் பஞ்சு வேண்டாம். கீழிருந்து வரும் சிறிது வெப்பம் அது உறையாமல் காக்கும்.

நுரைக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பரணை அறையாக மாற்றும்போது கைமரத்தின் ஆழம் போதாமல் போகலாம். அங்கே மெல்லிய தடிமனில் அதிகம் காக்கும் மூடிய அறை நுரை பயன்படும். ஆனால் ஃபெல்ட்டுக்கும் நுரைக்கும் நடுவே 50 மி.மீ. காற்றிடைவெளி நிற்கும்படி முதலில் தடுப்பு அட்டை பொருத்த வேண்டும். கூரை அமைப்பே நுரையை எண்ணி வரையப்பட்ட புது வீடுகளிலும் அது பொருந்தலாம். எந்த வீடானாலும், வேலைக்கு முன் உங்கள் கூரைக்கென்றே பி.எஸ். 5250 தரத்தின்படி செய்த ஈரக் கணிப்பை எழுத்தில் கேளுங்கள். நுரைக்கு பி.பி.ஏ. சான்றிதழ் இருக்கிறது என்பார்கள். அது அந்தப் பொருளுக்கும், அதில் எழுதியுள்ள நிபந்தனைகளுக்கும் தந்த சான்று. உங்கள் கூரைக்குத் தந்தது அன்று.

மின்கம்பிகளையும் மறக்க வேண்டாம். அரை மீட்டருக்கு மேல் முழுதாகக் காப்புக்குள் புதைந்த கம்பி, வழக்கமான மின்னோட்டத்தில் பாதியைத்தான் தாங்கும் என்று கணக்கிடச் சொல்கிறது பிரித்தானிய மின் விதி. ஷவருக்கோ குக்கருக்கோ போகும் கம்பி நுரைக்குள் மறைந்தால் ஆபத்து. நுரை எரியும் பொருள் என்பதும் நினைவில் இருக்கட்டும். அடிக்கும்போது பறக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது. அதனால் வேலை நடக்கும்போதும், நிறுவனம் குறிப்பிடும் நேரம் கடக்கும் வரையிலும் வீட்டில் யாரும் இருக்கக் கூடாது. குழந்தைகளும் நெஞ்சுநோய் உள்ளவர்களும் கட்டாயம் விலகியிருக்க வேண்டும்.

ஏற்கெனவே நுரை அடித்த வீட்டில் இருப்பவர்கள் பதற வேண்டாம். எல்லாக் கூரையும் உளுத்துவிடவில்லை. நுரையை எடுக்கிறோம் என்று தொலைபேசியில் அழைப்பவர்களிடம் மட்டும் கவனமாக இருங்கள். பயமுறுத்திப் பணம் பறிக்கும் புதிய வியாபாரம் அது. எடுக்கும் செலவு அடித்த செலவைவிட அதிகமாவதும் உண்டு; அவசரமாகச் சுரண்டினால் ஓடும் ஃபெல்ட்டும் கெட்டுவிடும். நுரையை அடிப்பதிலோ எடுப்பதிலோ வருமானம் இல்லாத ஒரு சர்வேயரை வரவழையுங்கள். பிராப்பர்ட்டி கேர் அசோசியேஷன் வகுத்த ஆய்வு முறைப்படி அவர் சில இடங்களில் நுரையை வெட்டி, மரத்தின் ஈரத்தை அளந்து அறிக்கை தரட்டும். நுரையின் பெயர், சான்றிதழ், வேலைக்கு முந்தைய ஆய்வு, படங்கள், உத்தரவாதம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். மரம் காய்ந்திருக்கிறது என்ற அறிக்கை கையில் இருந்தால் சில வங்கிகளிடமாவது பேச முடியும். கிரெடிட் கார்டில் பணம் கட்டியிருந்தால், விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் இருக்கும் பட்சத்தில், பிரிவு 75-இன்படி கார்டு நிறுவனத்திடமும் இழப்பீடு கோரலாம்.

இதைப் படிப்பவர்களில் பலருக்குத் தனியாக வாழும் பெற்றோரோ மாமா, மாமியோ இருப்பார்கள். இந்த வாரமே அவர்களை அழைத்து, கூரை பற்றி யாராவது பேசினார்களா என்று கேளுங்கள். எதிலாவது கையெழுத்திட்டிருந்தால் தேதியைப் பாருங்கள். வீட்டில் வைத்து எழுதிய ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யச் சட்டம் இடம் தருகிறது.