இளைஞர் பணியும் தன்னாய்வும்

இளைஞர் மன்றங்களின் அமைப்பு விதிகளிலே, சாதி, சமயம், பால் என்னும் வேற்றுமையின்றி யாவரும் சேரலாம் என்னும் வாக்கியம் பெரும்பாலும் முதற்பக்கத்திலேயே காணப்படும். அவ்வாக்கியம் பொய்யன்று, எழுதியோர் அதனை மெய்யாகவே கருதி எழுதியிருப்பர். ஆயினும் வாயில் திறந்திருத்தல் வேறு. உட்புகுந்தவன் அவ்விடத்தைத் தன்னிடமெனக் கொள்ளுதல் வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்தறிதற்குரிய முறையே தன்னாய்வு எனப்படுவது.

தன்னாய்வைக் கழிவிரக்கத்தோடு ஒன்றாகக் கருதுவாருமுளர். அது பொருந்தாது. கழிவிரக்கம் நிகழ்ந்ததை எண்ணி வருந்துவதோடு அமையும். தன்னாய்வோ நிகழ்ந்தது எவ்வெண்ணத்தின் அடியாக நிகழ்ந்தது என வினவும். அமெரிக்க மெய்யியலறிஞரான ஜோன் டூயி 1910 இல் வெளியிட்ட நூலில், ஒரு நம்பிக்கையை அது நிற்கும் ஆதாரங்களையும் அதனால் விளையும் முடிவுகளையும் வைத்து இடையறாது ஆராய்தலே சிந்தனை என வகுத்துரைத்தார். டொனால்ட் ஷோன் என்பார் 1983 இல் இதனைத் தொழில் புரிவோருக்கு உரியதாக்கி, வினை நிகழும்போதே சிந்தித்தல், வினை முடிந்தபின் சிந்தித்தல் என இரண்டாகப் பகுத்தார். ஆசிரியர், தாதியர் முதலியோருக்கான பயிற்சியிற் புகுந்த இம்முறை இளைஞர் பணியிலும் இடம்பெறலாயிற்று.

இதன் தேவையை உணர்தற்கு அயல்நாட்டு உதாரணம் வேண்டுவதில்லை. 1924 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே மாணவர் காங்கிரஸ் என்னும் பெயருடன் தொடங்கிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் என வழங்கிய இயக்கம் நம்மவர் வரலாற்றில் ஒப்பற்ற ஓர் இளைஞர் முயற்சியாகும். ஹண்டி பேரின்பநாயகம் அதன் உயிர்நாடியாக விளங்கினார். 1927 நவம்பரிற் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது அவரை வரவேற்பதில் அவ்விளைஞர் முன்னின்றனர். தீண்டாமையைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியதோடு நில்லாது, சமபந்திப் போசனமும் நடத்தினர். தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் நிலத்திலோ வேறாக இடப்பட்ட தாழ்ந்த ஆசனத்திலோ இருந்து படித்த காலம் அது. நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கல் வேண்டுமெனக் கல்விப் பகுதியார் பணித்ததை எதிர்த்து 1930 ஆம் ஆண்டளவிற் பெருங் கிளர்ச்சி மூண்டது; பாடசாலைகள் சில தீக்கிரையாயின. அந்நிலையிலும் வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கமே நின்றது. சொந்த வீட்டாரின் சினத்துக்கு ஆளாகியும் கொள்கையில் நின்ற அவர்தம் துணிவு எளிதன்று.

இத்துணைச் சிறப்புடையோரிடத்தும் காணாப் பகுதி ஒன்றிருந்தது என்பதே ஈண்டு கவனித்தற்குரியது. டொனமூர் அரசியற்றிட்டம் பூரண சுயாட்சி வழங்கவில்லை என்னுங் காரணத்தால், 1931 இல் நிகழ்ந்த அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு காங்கிரஸ் வேண்டிற்று. வடக்கின் நான்கு தொகுதிகளில் நியமனப் பத்திரம் எதுவும் தாக்கலாகவில்லை. கொள்கையளவில் அக்காரணம் உயர்ந்ததே. ஆனால் அதே திட்டந்தான் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. அதற்கு முன்னர்ச் சொத்தும் வருவாயும் கல்வியும் உடைய ஆடவர் சிலரே வாக்காளராயிருந்தனர். ஆகவே, முதன்முறையாக வாக்குச் சாவடிக்குச் செல்லவிருந்த கூலியாளனும் குடிமகனும் பெண்களும், 1934 இல் இடைத்தேர்தல் நிகழும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உடனிருந்து உண்ணுதற்கு அழைக்கப்பட்டோர், உடனிருந்து முடிவு செய்தற்கும் அழைக்கப்பட்டனரா? ஆங்கிலக் கல்லூரிகளிற் பயின்ற இளைஞரும் ஆசிரியருமே பெரும்பாலும் நடத்திய அவ்வியக்கத்தின்பால் இவ்வினாவை எழுப்புதல் அதனை இழிவுபடுத்துவதாகாது. பந்தியிற் சமம் வேறு, ஆலோசனையிற் சமம் வேறு என்பது நல்லோர்க்கும் தாமாகப் புலப்படுவதில்லை.

இக்காலத்துச் சனசமூக நிலையத்திலோ விளையாட்டுக் கழகத்திலோ இது சிறு சிறு செய்திகளாகவே தோன்றும். வெள்ளிக்கிழமை நண்பகலிற் கூட்டம் வைத்துவிட்டு, மீள்குடியேறிய முஸ்லிம் இளைஞர் வருவதில்லை எனக் குறைகூறுவர். 1990 இல் வெளியேற்றப்பட்டோரின் பிள்ளைகளுக்கு அவ்வழைப்பு எவ்வாறு தோன்றும் என எண்ணுவதில்லை. இருட்டியபின் கூட்டம் கலையுமாயின் பெண்பிள்ளைகள் தாமாகவே நின்றுவிடுவர். மாடியிற் கூட்டம் வைத்தாற் போரிற் காலிழந்த இளைஞன் அழைப்பைப் பெற்றும் வாரான். தேநீர்க் குவளை கழுவும் பொறுப்பு எப்பொழுதும் ஒரே தெருவாரிடம் சேர்வதையும் எவரும் திட்டமிட்டிருக்கமாட்டார். திட்டமிடாமையே இங்குள்ள இடர். தீய எண்ணம் இருப்பின் அதனை எவரும் எளிதிற் கண்டுகொள்வர். வழக்கத்துள் மறைந்து நிற்பதைக் கண்டுகொள்வதே அரிது.

எனவே இளைஞர் பணியாளர் ஒவ்வொரு கூட்டத்தின் பின்னும் குறிப்பேடு எழுதுதல் நன்று. அதில் வந்தோர் தொகையை மாத்திரம் எழுதினால் அஃது அறிக்கையாகும். யார் பேசினர், யார் வாளாவிருந்தனர், சென்ற மாதம் வந்து இம்மாதம் வாராதவர் யார், எந்த வேளையில் தம் மனம் சலித்தது என்பவற்றையும் எழுதுதல் வேண்டும். கடைசியாகக் கூறியதே எழுதக் கடினமானது. பெரும்பாலோர் அதனையே விட்டுவிடுவர். எழுதியதைத் தாமே வாசித்துத் தாமே தீர்ப்பளித்தலும் போதாது. தன் முதுகு தனக்குத் தெரியாதாகையால், மன்றத்தை விட்டு நின்றவர் ஒருவரிடமேனும் சென்று, அவர் நின்றதன் காரணத்தை மறுமொழி கூறாது கேட்டு, அதனையும் அவ்வேட்டிலேயே அவர் சொன்னவாறு எழுதிக்கொள்ளல் வேண்டும்.