அறுப்பின் பண்டிகையின் தோற்றம்

கிண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழும் விசுவாசிகளுக்கு வயலுமில்லை, களமுமில்லை. எனினும் அறுப்பின் பண்டிகையன்று கடையில் வாங்கிய பூசணியையும் வாழைத்தாரையும் ஆலயத்தில் படைக்கின்றனர்; பின்னர் அவை ஏலத்திற்கு வருகின்றன.

இப்பண்டிகை யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்திலிருந்து நேரே வந்ததென ஞாயிறு பள்ளியில் எண்ணுகிறோம். சபைச் சரித்திரம் கற்கையில் அவ்வெண்ணம் அசைகிறது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள மார்வென்ஸ்டோ சிற்றூரில், 1843இல், ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் என்னும் குருவானவர் புதுத் தானியத்தின் அப்பத்தால் நற்கருணை ஆசரிக்கத் தம் சபையாரை அழைத்தார். இக்கால ஆராதனை முறை அதிலிருந்தே பரவிற்று. அப்படியாயின் இது அந்நியச் சடங்கோ என வாலிபர் வினவுவது நியாயமே.

முதிர்ந்த வயதில் உபாகமம் 26ஆம் அதிகாரத்தை வாசிப்போர் வேறொன்றைக் காண்கின்றனர். கூடையோடு வருபவன் விளைச்சலைக் குறிப்பிடுமுன் தன் முன்னோரின் அடிமைத்தனத்தையும் விடுதலையையும் அறிக்கையிடுகிறான். லேவியனும் பரதேசியும் அவனோடுகூட மகிழவேண்டும். நம் ஏலத்திலோ பணமுள்ளவர் கையிலேயே பூசணி சேருகிறது!