அலாய் வீல் மாற்றப் போகிறீர்களா? பில்லில் இந்த எண்கள் இருக்கட்டும்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஆகட்டும், கோவையிலோ மதுரையிலோ ஆகட்டும், காருக்கு அலாய் வீல் வாங்கப் போகிறவர் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் பேசுகிறார்: எத்தனை இன்ச், என்ன டிசைன். ஒரு ரிம் அந்தக் காருக்குப் பாதுகாப்பாகப் பொருந்துமா என்பதைச் சொல்லும் எண்கள் ஆறேழு உண்டு. இன்ச் அவற்றில் ஒன்று மட்டுமே. டிசைன் அந்தப் பட்டியலிலேயே வராது.

சாதாரணக் காரிலேயே இது முக்கியம். ஸ்போர்ட்ஸ் காரில் இதை விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதிக வேகம், பெரிய பிரேக், கடினமான சஸ்பென்ஷன் எல்லாம் சேர்ந்து சக்கரத்தின் மேல் செலுத்தும் விசை மிக அதிகம். பொருந்தாத ரிம் முதலில் ஸ்டியரிங் நடுக்கமாகத் தன்னைக் காட்டும். பிறகு பேரிங் சத்தம், டயர் உரசல் என்று வளரும். கவனிக்காமல் விட்டால் போல்ட் தளர்ந்து சக்கரமே கழலும் நிலை வரும். எனவே வாங்கும் முன் எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள். அவற்றைப் பில்லில் எழுதியும் வாங்குங்கள். சாலையில் உங்களைக் காப்பவை அந்த எண்கள். தகராறு என்று வந்தால் நுகர்வோர் ஆணையத்தில் உங்களுக்குச் சாட்சி சொல்பவையும் அவைதான்.

போல்ட் ஏறிவிட்டால் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை

ரிம்மில் போல்ட் ஓட்டைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டத்தை பி.சி.டி. என்கிறார்கள். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ., ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். கார்களுக்கு இது 5x112. அதாவது ஐந்து போல்ட், 112 மி.மீ. வட்டம். ஃபோர்டு மஸ்டாங்குக்கு 5x114.3. போர்ஷே 911-க்கு 5x130.

112-க்கும் 114.3-க்கும் வித்தியாசம் 2.3 மி.மீ. மட்டுமே. ஆபத்து இருப்பதும் இங்கேதான். 114.3 ரிம்மை காரின் 112 ஹப்பில், அதாவது ரிம் பதியும் பாகத்தில், வைத்து முறுக்கினால் ஏறிவிடும். ஆனால் போல்ட்டுகள் நேராக உட்காராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இறுகும். ஓட ஓட அந்தச் சாய்வு போல்ட்டைத் தளர்த்தும் அல்லது களைப்படையச் செய்து முறிக்கும். “கொஞ்சம்தான் வித்தியாசம், ஏத்திடலாம்” என்று யாராவது சொன்னால் அந்த ரிம்மை வாங்காதீர்கள். பழைய ஓட்டையைப் பெரிதாக்கியோ, பக்கத்தில் புதிதாகத் துளையிட்டோ தரும் ரிம்மும் வேண்டாம்.

அடுத்தது நடு ஓட்டை. பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸின் இன்றைய ஜி20 தலைமுறைக்கு பி.சி.டி. 5x112. ஃபோக்ஸ்வாகனுக்கும் அதே அளவுதான். ஆனால் நடு ஓட்டை பி.எம்.டபிள்யூ.வுக்கு 66.6 மி.மீ., ஃபோக்ஸ்வாகனுக்கு 57.1 மி.மீ. பி.எம்.டபிள்யூ. ரிம்மை ஃபோக்ஸ்வாகனில் மாட்டினால் போல்ட் எல்லாம் ஒழுங்காக ஏறும். ஹப்பைச் சுற்றி மட்டும் கிட்டத்தட்ட 5 மி.மீ. இடைவெளி விழும். ரிம்மை மையத்தில் உட்கார வைக்க ஹப் இல்லாமல் போவதால் 80, 100 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் அது போகாது. பல வண்டிகளுக்கும் பொதுவாகச் செய்யப்படும் வெளிச்சந்தை ரிம்களில் நடு ஓட்டை பெரிதாகவே இருக்கும். அதை அடைக்கச் சரியான அளவில் ஹப் வளையம் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரே கம்பெனி என்பதாலும் பொருந்திவிடாது. இதே 3 சீரிஸின் முந்தைய எஃப்30 தலைமுறைக்கு 5x120, நடு ஓட்டை 72.6. “பி.எம்.டபிள்யூ. ரிம்தானே” என்று பழையதை வாங்கிப் புதிய காரில் மாட்ட முடியாது.

பெரும்பாலானோர் பார்க்கத் தவறும் இடம் போல்ட்டின் தோள்பட்டை. ஃபோக்ஸ்வாகன் கம்பெனி போல்ட்டின் தோள் உருண்டையாக இருக்கும். வெளிச்சந்தை ரிம்களின் ஓட்டை பெரும்பாலும் கூம்பு வடிவம். உருண்டைத் தோள் கூம்பு ஓட்டையில் மெல்லிய வளையமாக மட்டுமே ஒட்டும், இறுக்கம் நிற்காது. புது ரிம் வாங்கும்போது அதற்கேற்ற போல்ட்டையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்பது இதனால்தான்.

வெளியே எவ்வளவு, உள்ளே எவ்வளவு

ரிம்மின் அகலத்தை ‘ஜே’ என்றும், ஹப்பில் பதியும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை ‘ஈ.டி.’ அல்லது ஆஃப்செட் என்றும் குறிப்பிடுவார்கள். இரண்டும் ரிம்மின் பின்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காரில் இருப்பது 7.5 ஜே, ஈ.டி. 50. கடையில் காட்டுவது 8.5 ஜே, ஈ.டி. 35. அகலம் ஒரு இன்ச் கூடுவதால் இரு பக்கமும் 12.7 மி.மீ. விரியும். ஆஃப்செட் 15 குறைவதால் ரிம் முழுவதுமே 15 மி.மீ. வெளியே நகரும். ஆக, வெளிவிளிம்பு கிட்டத்தட்ட 28 மி.மீ. வெளியே வந்து நிற்கும். நாலு பேர் ஏறி உட்கார்ந்து ஒரு பள்ளத்தில் இறங்கினால் டயர் மட்கார்டு விளிம்பில் உரசும். பேரிங்கின் மீது சுமை விழும் இடமும் மாறி, அது சீக்கிரம் தேயும். ஆஃப்செட்டைச் சமாளிக்க ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் வைக்கச் சொன்னால், போல்ட் உள்ளே ஏறும் ஆழம் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தது போல்ட்டின் விட்டத்தளவுக்காவது மரை பிடிக்க வேண்டும்.

டயரில் தொலையும் 55 கிலோ

225/45 R17 91W என்று டயரில் எழுதியிருந்தால் அகலம் 225 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அதில் 45 சதவீதம்; ரிம் 17 இன்ச். 91 என்பது சுமைக் குறியீடு: ஒரு டயர் 615 கிலோ தாங்கும். ‘டபிள்யூ’ என்பது வேகக் குறியீடு: மணிக்கு 270 கி.மீ. வரை.

இதை 18 இன்ச்சுக்கு உயர்த்துபவர்கள் வழக்கமாகப் போடுவது 225/40 R18. மொத்த விட்டம் 634-லிருந்து 637 மி.மீ. ஆகிறது, அரை சதவீதம்கூட மாறவில்லை. அளவு சரிதான். ஆனால் இதே அளவில் சாதாரண டயரின் சுமைக் குறியீடு 88, அதாவது 560 கிலோ. ஒரு டயருக்கு 55 கிலோ வீதம் நான்கு டயருக்கும் சேர்த்து 220 கிலோ தாங்கும் திறன் போய்விடுகிறது. கூடுதல் சுமைக்கான ‘எக்ஸ்.எல்.’ வகை டயரில் குறியீடு 92, அதாவது 630 கிலோ. கடைக்காரர் எடுத்துக் காட்டும் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பக்கச்சுவரில் உள்ள எண்ணைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். எக்ஸ்.எல். போட்டால் அதற்குரிய கூடுதல் காற்றும் வைக்க வேண்டும்.

18 இன்ச் ரிம்மில் 235/45 போட்டால் விட்டம் 5 சதவீதத்துக்கு மேல் கூடும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கார் அதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். ஏ.பி.எஸ்., ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் எல்லாம் சக்கரத்தின் சுற்றைக் கணக்கிட்டே வேலை செய்பவை. விட்ட மாற்றம் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது தொழில் தெரிந்தவர்கள் கடைப்பிடிக்கும் எல்லை.

ரிம் பெரிதாக ஆகப் பக்கச்சுவர் குறையும் என்பதையும் மறக்காதீர்கள். நம் ஊர் பள்ளங்களிலும் பெயின்ட் அடிக்காத வேகத்தடைகளிலும் முதலில் அடிவாங்குவது அந்தச் சுவர். அது உப்பி நின்றால் டயர் முடிந்தது. ரிம்மில் விரிசல் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

தயாரிப்புத் தேதியையும் படியுங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ‘புதுசு’ என்று பல ஆண்டு பழைய சரக்கை விற்பதைப் பிடிக்க இந்த எண் ஒன்றே போதும்.

கடையை விட்டுக் கிளம்பும் முன்

கதவை ஒட்டிய தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் காரின் கையேட்டிலும் கம்பெனி அனுமதித்த டயர் அளவுகள் இருக்கும். உயர்ரக வேரியன்டுக்குக் கம்பெனியே தரும் அளவு உங்களுக்கும் பெரும்பாலும் பாதுகாப்பானது. டயர் ஏற்றாமல் வெறும் ரிம்மை முதலில் மாட்டி, கையால் சுற்றி, பிரேக் காலிப்பர் இடிக்கிறதா என்று பாருங்கள். டயர் ஏற்றியபின் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். இம்பாக்ட் கன்னால் முழு இறுக்கமும் கொடுக்க விடாதீர்கள். கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி சரிபார்ப்பது கட்டாயம்.

சட்டமும் இன்சூரன்ஸும்

கார் டயருக்கு ஐ.எஸ். 15633 தரத்தின்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும், அதற்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2009-ல் வந்தது. ரிம்களுக்கான ஆணை 2020-ல் வந்தது; அலாய் வீலுக்கான தரம் ஐ.எஸ். 16192. முத்திரையுடன் உள்ள உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டு, அது உண்மையானதா என்று அந்த இடத்திலேயே பார்த்துவிடலாம்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விதிமீறிய மாற்றத்துக்கு 182-ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கம்பெனி அனுமதித்த அளவுக்குள் நிற்பதே இதில் நல்லது.

ரிம் மாற்றியதை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மின்சாரமற்ற துணைப்பொருள் என்று மதிப்பைச் சொல்லிக் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் அது திருடுபோனாலும் உடைந்தாலும் இழப்பீடு கேட்க முடியும். க்ளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். ஒரு மாதத்தில் தீர்வு இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். நிறுவனம் மறுத்ததிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது.

ஏமாற்றப்பட்டால் என்ன செய்வது?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் உறுதியாக நிற்கிறது. பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று போர்டு மாட்டியிருந்தாலும், குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே.

விபத்தில் காயமோ சேதமோ ஏற்பட்டால் பொருள் பொறுப்பு விதிகளும் சேரும். ரிம்மில் கூடுதல் துளையிட்டுக் கொடுத்து, அந்த மாற்றமே விபத்துக்கு முக்கியக் காரணம் என்றால் விற்றவர் பொறுப்பேற்க வேண்டும். ஆனால் பொருளை நுகர்வோரே மாற்றியிருந்தாலோ தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ விற்றவர் தப்பிக்கவும் அதே சட்டத்தின் 87-வது பிரிவு வழி விடுகிறது. நீங்கள் வற்புறுத்தித் தவறான அளவை மாட்டியிருந்தால் வழக்கு நிற்காது.

செய்ய வேண்டியவை இவ்வளவுதான்:

1. பில்லில் ரிம்மின் பிராண்டு, அளவு, ஜே, ஈ.டி., பி.சி.டி., நடு ஓட்டை, சுமை அளவு; டயரின் முழு அளவு, சுமை மற்றும் வேகக் குறியீடு, தயாரிப்பு வாரம் எல்லாம் எழுதி வாங்குங்கள்.
2. எந்தக் காருக்கு, எந்த மாடலுக்கு விற்றார்கள் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.
3. உடைந்த ரிம்மையோ வெடித்த டயரையோ பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிக் குறையைச் சோதிக்க நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. படமும் எடுத்து வையுங்கள்.
4. கடைக்கு முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.
5. அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கேயே போகலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே, வக்கீல் இல்லாமலும், ‘இ-ஜாக்ரிதி’ இணையதளம் வழியாகவும் வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

அடுத்த முறை ரிம் கடைக்குப் போகும்போது காரின் கையேட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மேலே சொன்ன எண்களைப் பில்லில் எழுதித் தர மறுக்கும் கடையில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.