நெஞ்சு படபடக்கிறதா? பயமும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் நெல், கரும்பு, எலுமிச்சை, தென்னை ஆகியவை பயிராகின்றன. மழை பொய்த்தாலும் கவலை. எலுமிச்சை விலை சரிந்தாலும் கவலை. கடன் தவணை நெருங்கினால் தூக்கம் போய்விடுகிறது. இக்கவலை அளவு மீறும்போது உடம்பில் தெரியும்.

இரவில் பம்புசெட் போடச் சென்ற விவசாயி ஒருவருக்குத் திடீரென நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, மூச்சு முட்டுகிறது, உயிர் போய்விடும் போல் தோன்றுகிறது என்று வைத்துக் கொள்வோம். பரிசோதனையில் இருதயம் நன்றாக இருந்தால், இது பீதித் தாக்கமாக இருக்கலாம்.

எப்படி வருகிறது?

வரப்பில் பாம்பைக் கண்டால் அட்ரினலின் என்னும் சுரப்புநீர் இரத்தத்தில் கலந்து, ஓடுவதற்கு உடம்பைத் தயார் செய்கிறது. பாம்பு இல்லாதபோதும் அவ்வாறே நிகழ்வதுதான் பீதித் தாக்கம். வேகமாக மூச்சு வாங்குவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை சுற்றும், விரல்கள் மரத்துப்போகும். பெரும்பாலும் 10 நிமிடங்களில் உச்சத்தை அடைந்து, பிறகு தணிந்துவிடும்.

கவனம் தேவை

முதல் முறை வந்தாலோ, நெஞ்சுவலி இருந்தாலோ, 108 ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பூச்சிமருந்து அடித்த பின் வியர்வை, எச்சில் ஊறுதல், கண்பாவை சுருங்குதல், மூச்சுத் திணறல் கண்டால் அது நஞ்சாக இருக்கலாம். உடையைக் களைந்து, சோப்புப் போட்டுக் கழுவி, மருந்துப் புட்டியின் லேபிளுடன் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

செய்ய வேண்டியவை

பீதி வந்தால் உட்கார்ந்து, மூக்கால் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விட வேண்டும். "இது தணிந்துவிடும்" என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளலாம். காபி, தேநீரைக் குறைப்பது நல்லது. புகையிலையையும் மதுவையும் விட்டுவிட வேண்டும். கடன்களையும் தவணைத் தேதிகளையும் தாளில் எழுதி, வீட்டாருடன் கலந்து பேசினால் பாரம் குறையும்.

திரும்பத் திரும்ப வந்தாலோ, பயந்து வயலுக்கே போகாதிருந்தாலோ, சிகிச்சை அவசியம். பேச்சு முறைச் சிகிச்சையும் மாத்திரைகளும் நல்ல பலன் தருகின்றன. மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். தாமாக நிறுத்தக் கூடாது. அரசு மருத்துவமனையில் கேட்டால் மாவட்ட மனநலத் திட்டத்துக்கு வழி சொல்வார்கள். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

வாழ்க்கையே வெறுத்துப்போனதாக ஒருவர் பேசினால் அவரைத் தனியே விடலாகாது. பூச்சிமருந்தைப் பூட்டி வைத்து, சாவியை வேறொருவர் வைத்திருக்க வேண்டும்.

இலையில் புள்ளி கண்டால், அதைப் பறித்துக் கொண்டுபோய் வேளாண்மை அலுவலரிடம் காட்ட எவரும் வெட்கப்படுவதில்லை. மனத்தில் காணும் புள்ளியையும் அதுபோலவே காலத்தில் காட்டினால் குணமாகும்.