கவிழ்ந்து மிதக்கும் தங்கமீன்

நேற்றுவரை தொட்டி முழுக்கச் சுற்றித் திரிந்த தங்கமீன் இன்று வயிற்றை மேலே காட்டி மிதக்கிறது. செத்துவிட்டதென்று வலையோடு குனிந்தால் செவுள் மூடி அசைகிறது. கண் நம் பக்கம் திரும்புகிறது. பக்கத் துடுப்புகளை வேகமாக அடித்துப் பாதி நிமிர்கிறது, களைத்துப்போய் மறுபடி கவிழ்கிறது. மீன் வளர்ப்பவர்கள் இதை ‘ஸ்விம் பிளாடர் நோய்’ என்கிறார்கள். உண்மையில் இது ஒரு தனி நோயே அல்ல, பல கோளாறுகளின் பொது அறிகுறி. அதைப் புரிந்துகொள்ள, மீன் தண்ணீரில் எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மீனின் தசையும் எலும்பும் தண்ணீரைவிடக் கனமானவை. சும்மா விட்டால் மீன் அடியில் போய்ப் படுத்துவிடும். அப்படி ஆகாமல் காப்பது, முதுகெலும்புக்குக் கீழே, குடலுக்கு மேலே இருக்கும் மெல்லிய காற்றுப்பை, அதாவது ஸ்விம் பிளாடர். நன்னீர் மீன்களில் அது உடலின் பருமனில் சுமார் 7 முதல் 8 சதவீதம். கடல்நீர் அடர்த்தி கூடியது என்பதால் கடல் மீன்களுக்கு 5 சதவீதமே போதும். சுறாவுக்குக் காற்றுப்பையே கிடையாது. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல்தான் அதைத் தாங்குகிறது.

காற்றுப்பை இருந்தால் மட்டும் போதாது. நீர்மட்டத்திலிருந்து 10 மீட்டர் கீழே போனால் அழுத்தம் இரண்டு மடங்காகிறது, பைக்குள் இருக்கும் வாயு பாதியாகச் சுருங்குகிறது. ஆகவே ஆழம் மாறும்போதெல்லாம் வாயுவைக் கூட்டவும் குறைக்கவும் வழி வேண்டும். கெண்டை இனத்தைச் சேர்ந்த தங்கமீனின் பையிலிருந்து உணவுக்குழாய்க்கு ஒரு நுண்குழாய் போகிறது. மேலே வந்து காற்றை விழுங்கினால் பை நிறையும், மிகுந்ததை வாய் வழியே விட்டுவிடலாம். ஏஞ்சல், ஃபைட்டர் போன்ற மீன்களில் இந்தக் குழாய் கிடையாது. அவை ரத்தத்திலிருந்தே வாயுவை எடுக்கின்றன. பையின் சுவரில் உள்ள ஒரு சுரப்பி அமிலத்தைச் சுரக்கிறது. அமிலம் கூடியதும் ரத்தம் தன் ஆக்சிஜனை விட்டுக்கொடுக்கிறது. அந்த ஆக்சிஜன் ரத்தத்தோடு திரும்பிப் போய்விடாதபடி, சுரப்பிக்கு வரும் நுண்நாளங்களும் அங்கிருந்து போகும் நுண்நாளங்களும் ஒட்டி ஒட்டி எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. வெளியேறப் பார்க்கும் வாயு உள்ளே வரும் ரத்தத்துக்கு மாறி, சுற்றிச் சுற்றிச் சேர்கிறது. கடலில் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்திலும், அத்தனை அழுத்தத்தையும் மீறிப் பையை நிரப்பிவைத்திருக்கும் மீன்கள் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

தங்கமீனுக்கு இந்தப் பை காதுக்கும் துணை. தண்ணீரில் வரும் ஒலி பையை அதிரவைக்கிறது. அந்த அதிர்வைச் சிற்றெலும்புகளின் சங்கிலி ஒன்று உட்காதுக்குக் கொண்டுபோகிறது. 1820இல் இந்த எலும்புகளை விவரித்தவர் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர். அவர் பெயராலேயே அவை இன்றும் அறியப்படுகின்றன.

மிதப்பது ஒன்று, நிமிர்ந்து நிற்பது வேறொன்று. பல மீன்களில் காற்றுப்பை உடலின் கீழ்ப்பாதியில் இருக்கிறது. கனமான தசையும் முதுகெலும்பும் அதற்கு மேலே இருக்கின்றன. கழைக்கூத்தாடி உள்ளங்கையில் கம்பை நிறுத்துவது போன்ற நிலை இது. தொட்டியில் அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும் மீன், ஒவ்வொரு நொடியும் துடுப்புகளைச் சிறிது சிறிதாக அசைத்துத் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் வாயு கூடினாலும், குடல் உப்பிப் பையை இடம்பெயர்த்தாலும் அந்தக் கணக்கு தவறிவிடும்.

அழகுத் தங்கமீன்கள் இதில் எளிதாக மாட்டிக்கொள்வதற்குக் காரணம் நாம்தான். சீனத்தில் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் தேர்ந்து தேர்ந்து வளர்த்ததில், ஒல்லியான கெண்டையிலிருந்து ஒராண்டா, ரியூகின், ரான்சூ போன்ற உருண்டை வகைகள் உருவாயின. முதுகெலும்பு வளைந்து உடல் குறுகியது; அந்தக் குறுகிய இடத்தில் குடலும் ஈரலும் முட்டையும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. இவற்றில் பலவற்றுக்குக் காற்றுப்பையின் பின்னறை சிறுத்துப்போயிருக்கிறது. போதாக்குறைக்குத் தங்கமீனுக்கு இரைப்பை இல்லை. விழுங்கிய தீனி நேரே குடலுக்குப் போய் அங்கே ஊறி உப்புகிறது.

மீன் கவிழ்ந்தால் முதலில் சோதிக்க வேண்டியது தண்ணீரை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் துளியும் இருக்கக் கூடாது. கடையில் கிடைக்கும் சோதனைக் குப்பியில் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். இருந்தால் கால்பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீர் குளோரின் நீக்கியதாகவும், தொட்டியின் அதே வெப்பநிலையிலும் இருக்கட்டும். ஃபில்டரை முழுக்கக் கழுவிவிடாதீர்கள், அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வாழ்வது அங்கேதான்.

அடுத்து, இரண்டு மூன்று நாள் தீனியை நிறுத்துங்கள். நன்றாக இருக்கும் தங்கமீனுக்கு இந்தப் பட்டினி கேடு செய்யாது. மலச்சிக்கல்தான் காரணமென்றால் இதிலேயே சரியாகிவிடக்கூடும். பிறகு பச்சைப் பட்டாணியை வேகவைத்து, தோலை உரித்து, மசித்துச் சிறு துணுக்காகக் கொடுங்கள். மேலே மிதக்கும் பெல்லட்டை நாடி வரும் மீன் காற்றையும் சேர்த்து விழுங்குகிறது. அதனால் இனிமேல் மூழ்கும் தீனியை, முன்கூட்டியே ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

தண்ணீர் மட்டத்தைக் குறைத்தால் மீனுக்கு அலைச்சல் குறையும். லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை அயோடின் சேர்க்காத கல் உப்பைக் கரைத்த தனித் தொட்டியில் சில நாள் வைக்கலாம். நன்னீர் மீனின் உடலுக்குள் ஓயாமல் ஊறிவரும் தண்ணீரை வெளியேற்றும் வேலை அதனால் இலேசாகிறது. வயிறு நீருக்கு மேலேயே தெரிந்தால் அந்த இடம் காய்ந்து புண்ணாகிவிடும், உடல் நனைந்தே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அடியில் கிடக்கும் மீனுக்குக் கூர்மையான கற்களை எடுத்துவிடுங்கள். ஃபைட்டர் போன்ற வெப்பநாட்டு மீனென்றால், தண்ணீர் குளிர்ந்துபோயிருக்கிறதா என்றும் பாருங்கள். குளிரில் செரிமானம் மந்தமாகிவிடும்.

ஒரு வாரத்தில் தேறவில்லையென்றால் காரணம் ஆழத்தில் இருக்கிறது: பையில் தொற்று, சிறுநீரகக் கட்டி, வெளிவராத முட்டை, அடிபட்டது என எதுவாகவும் இருக்கலாம். கண்டபடி ஆன்டிபயாடிக் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியாவுக்கும் கேடு வரக்கூடும். மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எக்ஸ்ரேயில் வாயு கறுப்பாகத் தெரியும். பை எங்கே நகர்ந்திருக்கிறது, எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதை அதில் தெளிவாகப் பார்க்கலாம்.

சில மீன்கள் கடைசிவரை நேராகாது. ஆனால் கவிழ்ந்தே நீந்தும் தங்கமீனும், தீனியை வாயருகே கொடுத்து, தண்ணீரைச் சுத்தமாக வைத்துக்கொண்டால், நெடுநாள் வாழ முடியும். உருண்டை உடலை விரும்பி உண்டாக்கியவர்கள் மனிதர்கள். அந்த உடலுக்கு வரும் சிக்கலைப் பொறுமையாகக் கவனிக்கும் பொறுப்பும் மனிதர்களுடையதுதான்.